விநாடிக்கு 36 செல்: மின்சாரக் கார் லைன் எங்கே நிற்கிறது?

பேட்டரிப் பெட்டியின் மேல்புறத்தில் கண்ணாடி இழையால் ஆன ஒரு பாயை விரிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். மனிதர் கையில் கொடுத்தால் ஒரு முனையைப் பிடித்து உதறி, மறுமுனையைப் பெட்டியின் ஓரத்தோடு சேர்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி முடித்துவிடுவார். டெஸ்லா அந்த வேலையை ரோபோவிடம் கொடுத்திருந்தது. இரும்புத் தகட்டையும் கண்ணாடியையும் மில்லிமீட்டர் பிசகாமல் தூக்கி வைக்கிற ரோபோவுக்கு, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் பொருளைப் பிடிக்க வரவில்லை. பாய் மடங்கியது, நழுவியது, கோணலாக விழுந்தது. ஒவ்வொரு முறையும் லைன் நின்றது. 2018 மே மாதம் முதலீட்டாளர்களோடு பேசும்போது எலான் மஸ்க்கே இதை எடுத்துச் சொன்னார்: பஞ்சை எடுக்க இயந்திரத்தைவிட மனிதக் கை எவ்வளவோ மேல்.

கதை அதோடு முடியவில்லை. ரோபோவைச் சரிசெய்யப் பல வாரம் போராடிய பிறகுதான் ஒரு கேள்வி எழுந்தது: இந்தப் பாய் எதற்கு? பேட்டரிக் குழுவைக் கேட்டால், சத்தம் உள்ளே வராமல் தடுக்க என்றார்கள். சத்தத்தைக் கவனிக்கும் குழுவைக் கேட்டால், தீப்பிடித்தால் பாதுகாப்புக்கு என்றார்கள். பாய் போட்ட கார், போடாத கார் இரண்டிலும் ஒலியைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. பாயை எடுத்துவிட்டார்கள். ரோபோவும் போயிற்று. உலகமே காத்திருந்த ஒரு காரின் உற்பத்தியை நிறுத்தி வைத்த ஒரு வேலை, செய்யவே தேவையில்லாத வேலை.

மின்சாரக் கார் ஏன் சொன்ன தேதிக்கு வருவதில்லை, ஏன் பல நிறுவனங்கள் அறிவித்த எண்ணிக்கையில் பாதியைக்கூட முதல் ஆண்டில் எட்டுவதில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பாயின் கதையைத்தான். நம் கண் மோட்டார் மீதும் மென்பொருள் மீதும் இருக்கிறது. லைன் நிற்பது வேறு இடத்தில்.

ஐந்து மாத வாக்குறுதி

டெஸ்லா மாடல் 3 காரை 2016 மார்ச் 31 அன்று மேடையில் காட்டினார்கள். ஆரம்ப விலை 35,000 டாலர் என்றார்கள். ஒரே வாரத்தில் 3,25,000 பேர் ஆளுக்கு 1,000 டாலர் முன்பணம் கட்டினார்கள். கார் எப்படி ஓடும் என்று யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் அதற்கான லைனும் இல்லை. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984 முதல் சேர்ந்து நடத்திய ஆலை அது. நல்ல காலத்தில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் கார் செய்தது. டெஸ்லா அதை 2010-ல் 4.2 கோடி டாலருக்கு வாங்கியது.

2017 ஜூலை 28 அன்று முதல் 30 கார்களைக் கொடுத்தார்கள். குறைந்தது ஆறு மாதத்துக்கு உற்பத்தி நரகம் காத்திருக்கிறது என்று மஸ்க் அன்றே ஊழியர்களிடம் சொன்னார். ஆனாலும் இலக்கு குறையவில்லை: ஆண்டு முடிவதற்குள் வாரத்துக்கு 5,000 கார். செப்டம்பரில் மட்டும் 1,500-க்கு மேல் வரும் என்று எழுதியிருந்தார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் சேர்த்து வந்தது 260. நாளுக்கு மூன்று கார்கூட இல்லை. அடுத்த மூன்று மாதத்தில் 2,425. வாரம் 5,000 என்ற எண்ணை முதன்முதலாகத் தொட்டது 2018 ஜூன் கடைசி வாரத்தில், 5,031 என்று. ஆறு மாதம் தாமதம். அந்த ஆறு மாதத்தில் கையிருப்புப் பணம் கரைந்து, கம்பெனி மூழ்க இன்னும் சில வாரமே இருந்தது என்று மஸ்க் பிறகு சொன்னார்.

வாரத்துக்கு 5,000 என்பதைக் காகிதத்தில் எழுதுவது சுலபம். அதை நொடிக் கணக்காக மாற்றிப் பாருங்கள். ஒரு வாரத்தில் 6,04,800 நொடி. இரவு பகல் ஞாயிறு பாராமல் ஓடினாலும் 121 நொடிக்கு ஒரு கார் வெளியே வர வேண்டும். நீள் தூர மாடல் 3 பேட்டரியில் 4,416 செல்கள். ஒவ்வொன்றும் 21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. உயரம், டிவி ரிமோட்டில் போடும் பேட்டரியைவிடப் பெரிது. 46 செல்களைச் சேர்த்தால் ஒரு கட்டு. 96 கட்டுகளை நான்கு மாட்யூலாகப் பிரித்து அடுக்குவார்கள், இரண்டில் 23, இரண்டில் 25. அப்படியானால் 30 நொடிக்கு ஒரு மாட்யூல் தயாராக வேண்டும். செல் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு விநாடியும் 36 செல்களை எடுத்து, சோதித்து, பசை போட்டு, நிறுத்தி, மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். இந்த வாக்கியத்தைப் படிக்க ஆன நேரத்தில் இருநூறு முந்நூறு செல் போயிருக்க வேண்டும்.

இதில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு செல்லுக்கு இரண்டு முனை. ஆகவே ஒரு காருக்கு 8,832 இணைப்பு. ஓர் இணைப்பு தவறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வேலைக்கு அது அபாரமான தரம். இங்கே அந்தத் தரத்தில் 100 பெட்டி செய்தால் 59 பெட்டியில் எங்காவது ஓர் இணைப்பாவது சரியாக இருக்காது. பெட்டியை மூடிய பிறகு அதைக் கண்டுபிடித்துப் பிரித்துச் சரிசெய்வது புதிதாகச் செய்வதைவிடக் கஷ்டம். லைனுக்குப் பக்கத்தில், தவறானதைச் சரிசெய்யும் ரீவொர்க் மேசை ஒன்று முளைக்கும். பிறகு ஒரு மூலை. பிறகு ஒரு ஷெட்.

இரண்டாவது மண்டலம்

நெவாடா பாலைவனத்தில் டெஸ்லாவும் பானாசோனிக்கும் சேர்ந்து நடத்தும் ஆலையில்தான் இந்த மாட்யூல் லைன் இருந்தது. லைனை நான்கு மண்டலமாகப் பிரித்திருந்தார்கள். மூன்றும் நான்கும் நன்றாக ஓடின. ஒன்றும் இரண்டும் ஓடவில்லை, அதிலும் இரண்டாவது மண்டலம் அறவே சரியில்லை என்று 2017 நவம்பரில் மஸ்க் சொன்னார். இயந்திரங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை வெளி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் எவ்வளவு பின்தங்கியிருந்தார் என்பது டெஸ்லாவுக்கே வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. இருபது முப்பது மனித ஆண்டுகள் பிடிக்கும் மென்பொருளை நான்கு மாதத்தில் புதிதாக எழுத வேண்டியிருந்தது. லைன் ஓடாத காலத்தில் ஆட்களை நிறுத்திக் கையால் மாட்யூல் கட்டினார்கள். கடைசியில் ஜெர்மனியின் ப்ரூம் நகரில் டெஸ்லா வாங்கியிருந்த குரோமான் நிறுவனம் புதிய லைனைச் செய்ய, அதை விமானத்தில் ஏற்றி நெவாடாவுக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை இயந்திரங்களை யாரும் சாதாரணமாக விமானத்தில் அனுப்புவதில்லை. கப்பலில் வரட்டும் என்று காத்திருக்க முடியாத நிலை.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உதிரிபாக ஆலையில் வேலை பார்த்தேன். எங்கள் லைனில் பதினோரு ஸ்டேஷன். பத்து ஸ்டேஷனில் ஒரு பாகத்துக்கு 48 நொடி. எட்டாவது ஸ்டேஷனில் காற்றடைத்துக் கசிவு பார்ப்பார்கள். அதற்கு 70 நொடி. எண்ணிக்கை போதவில்லை என்று மேலிடம் வெல்டிங் ஸ்டேஷனுக்கு இரண்டாவது ரோபோ வாங்கிக் கொடுத்தது. வெல்டிங் வேகமாயிற்று. எட்டாவது ஸ்டேஷனுக்கு முன்னால் இருந்த நீலக் கூடைகள் ஏழிலிருந்து இருபதாயின. நடக்கிற வழியை அடைத்துக்கொண்டன. மாலையில் லாரியில் ஏறிய எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. கசிவுச் சோதனை பார்த்த அக்கா ஒருத்தர் சூப்பர்வைசரிடம் சொன்னார், "சார், அங்க வேகமா அடிச்சு என் தலையில கொட்டுனா நான் என்ன பண்றது, எனக்கு இன்னொரு மெஷின் குடுங்க." அவர் சொன்னதுதான் சரி. அது நடக்க இன்னும் நான்கு மாதம் ஆயிற்று.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி ஒன்றுதான் என்றால், இலை எத்தனை போட்டாலும் சோறு எத்தனை அண்டா வெந்தாலும் பந்தி எழுந்திருக்கும் நேரம் சாம்பார் வாளி கையில்தான். டெஸ்லா செய்த தவறு இதைவிட ஒரு படி மேலே போனது. எந்த வேலை மற்றதையெல்லாம் தடுத்து நிறுத்தும் இடுக்காக ஆகும் என்று தெரிவதற்கு முன்பே எல்லா வேலைக்கும் இயந்திரம் வாங்கிவிட்டார்கள். ஃப்ரீமான்ட்டில் உதிரிபாகங்களைச் சுமந்து செல்ல ஒரு பெரிய கன்வேயர் வலையையே கட்டியிருந்தார்கள். அதைக் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. 2018 ஏப்ரலில் மஸ்க் வெளிப்படையாக எழுதினார்: அளவுக்கு மீறிய தானியங்கி முறை தவறு, என் தவறு, மனிதர்களைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டோம். மனிதர் செய்யும்போது ஒரு வேலை எங்கே இடறுகிறது என்று வாய்விட்டுச் சொல்வார். ரோபோ சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நிற்கும்.

ஜூன் மாதத்தில் ஃப்ரீமான்ட்டின் வெளி முற்றத்தில் பெரிய கூடாரம் அடித்து, அதற்குள் இன்னொரு அசெம்பிளி லைனைச் சில வாரத்தில் போட்டார்கள். பழைய உபகரணங்களும் நிறைய ஆட்களும். அந்தக் கூடாரத்திலிருந்து வந்த கார்களும் சேர்ந்துதான் 5,031. அந்த எண்ணுக்குப் பின்னால் நீண்ட ஷிப்டுகளும் வலித்த முதுகுகளும் இருந்தன. ஆலையில் காயங்கள் ஒழுங்காகப் பதிவாகவில்லை என்ற புகாரின் பேரில் அந்த ஏப்ரலில்தான் கலிபோர்னியாவின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை விசாரணை தொடங்கியது. உற்பத்தி இலக்கைப் பற்றி எழுதும் செய்திகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டு வரியில் போய்விடுகிறது. அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

மூன்று மாதம் கழித்து இடுக்கு வேறு இடத்துக்கு மாறியது. 2018-ன் மூன்றாம் காலாண்டில் 53,239 மாடல் 3 வந்தன. இப்போது அவற்றை ஏற்றிச்செல்ல லாரி இல்லை. உற்பத்தி நரகத்திலிருந்து விநியோக நரகத்துக்கு வந்துவிட்டோம் என்று செப்டம்பரில் மஸ்க் எழுதினார்.

பாகம் குறைவு, வேலை குறைவா?

மின்சாரக் காரில் அசையும் பாகங்கள் குறைவு, கியர்பாக்ஸ் எளிது, சைலன்சர் இல்லை, ஆகவே செய்வதும் சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு. மோட்டார் வரைக்கும் அது உண்மை. ஆனால் எஞ்சினில் இருந்த சிக்கல் காணாமல் போகவில்லை. பேட்டரிப் பெட்டிக்குள் குடியேறிவிட்டது. எஞ்சின் வார்ப்பதிலும் கடைவதிலும் நூறு ஆண்டு அனுபவம் நிறுவனங்களிடம் இருக்கிறது. செல் செய்வது வேறு தொழில். இரும்புப் பட்டறையைவிட மருந்துக் கம்பெனிக்கும் அச்சகத்துக்கும் நெருக்கமான தொழில்.

கறுப்புக் குழம்பு ஒன்றைக் கலக்குகிறார்கள். அதைத் தலைமுடியைவிட மெல்லிய உலோகத் தாளின் இரு பக்கமும் ஒரே தடிமனில் பூசுகிறார்கள். நீண்ட அடுப்புக்குள் செலுத்திக் காயவைக்கிறார்கள். உருளைகளுக்கு இடையே அழுத்தி, பட்டையாக வெட்டி, நடுவே பிரிப்புத் தாள் வைத்துச் சுருட்டுகிறார்கள். மின்பகு திரவம் ஊற்றும் அறையில் ஈரப்பதம் ஏறக்குறைய இல்லாமல் இருக்க வேண்டும்; உள்ளே நிற்கிறவரின் மூச்சில் இருக்கும் ஈரமே பிரச்சினை என்பதால் எத்தனை பேர் உள்ளே போகலாம் என்றுகூடக் கணக்கு வைப்பார்கள். மூடிய செல் அப்போதும் செல் ஆகாது. முதல் முறை மெதுவாக சார்ஜ் ஏற்றி இறக்கும்போதுதான் உள்ளே அந்த மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகிறது. பிறகு நாள்கணக்கில், சில ஆலைகளில் வாரக்கணக்கில், அலமாரியில் வைத்து மின்னழுத்தம் குறைகிறதா என்று பார்க்கிறார்கள். இந்தக் காத்திருப்பை அவசரப்படுத்த முடியாது. ஊறுகாய் ஊற வேண்டிய நாள் ஊறித்தான் ஆக வேண்டும்.

இருபது படிகள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 99 சரியாக வந்தாலும், கடைசியில் கையில் மிஞ்சுவது நூற்றுக்கு 82-தான். மீதி 18 குப்பை. அந்தக் குப்பையில் நிக்கலும் லித்தியமும் இருக்கின்றன. காசு போட்டு வாங்கியவை. புதிய செல் ஆலைகள் திவாலாவது இங்கேதான்.

ஸ்வீடனின் நார்த்வோல்ட் இதற்குச் சாட்சி. டெஸ்லாவில் இருந்த பீட்டர் கார்ல்சன் 2016-ல் தொடங்கியது. ஐரோப்பாவுக்குச் சொந்தமாக ஒரு செல் நிறுவனம் வேண்டும் என்ற ஆசை, 5,000 கோடி டாலருக்கும் மேல் ஆர்டர், வடக்கே ஷெல்லெஃப்தியோவில் பிரம்மாண்டமான ஆலை. முதல் செல் 2021 டிசம்பர் கடைசியில் வந்தது. அதன் பிறகு எண்ணிக்கை திட்டமிட்ட அளவுக்கு ஏறவே இல்லை. சந்தை இருந்தது, பணம் இருந்தது, ஆலை இருந்தது. பூசுவது, காயவைப்பது, சுருட்டுவது என்ற அந்தப் படிகளில் கை பழகவில்லை. 2024 ஜூனில் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச் 12-ல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்தச் சின்ன ஊருக்கு வேலை தேடி வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர்களில் பலர்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஜெனரல் மோட்டார்ஸின் போல்ட் கார் காட்டியது. எல்ஜி செய்த செல்களில் இரண்டு சிறு குறை: ஆனோடு (எதிர்மின்வாய்) முனை லேசாகக் கிழிந்திருந்தது, பிரிப்புத் தாள் மடங்கியிருந்தது. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து வருவது அபூர்வம், வந்தால் தீ. சுமார் 1,40,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கெட்டது எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாததால் அத்தனையையும் அழைக்க வேண்டியிருந்தது. செலவு ஏறக்குறைய 200 கோடி டாலர். செல்கள் பழைய கார்களுக்கு மாற்றப் போய்விட்டதால் புதிய போல்ட் உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது.

அதே நிறுவனம் பிறகு புதிய பேட்டரி அமைப்போடு மறுபடி வந்தது. இந்த முறை ஓஹியோவில் செல் நன்றாக வந்தது. எங்கே நின்றது தெரியுமா? மாட்யூல் அசெம்பிளியில். தானியங்கி இயந்திரம் கொடுக்க வேண்டிய சப்ளையர் தாமதித்தார் என்று 2023 ஜூலையில் நிறுவனம் அறிவித்தது. தன் பொறியாளர்களை அங்கே அனுப்பியது, கையால் கட்டும் லைன்களைச் சேர்த்தது. 2017-ல் நெவாடாவில் நடந்தது ஆறு ஆண்டு கழித்து வேறு பெயரில், வேறு இடத்தில் நடந்தது. 2024 நடுப்பகுதிக்குள் 4 லட்சம் மின்சாரக் கார் என்ற இலக்கை அந்த அக்டோபரில் கைவிட்டார்கள். டெஸ்லாவின் கதை உலகத்துக்கே தெரிந்திருந்தும் இது நடந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஆலைக்குள் கற்ற பாடம் செய்தித்தாள் வழியாகப் போய்ச் சேர்வதில்லை. அது ஆட்களின் கையில் இருக்கிறது. அந்த ஆட்கள் இருந்தால் பாடமும் இருக்கும்.

கையில் தொடங்கியவர்கள்

சீனாவின் ஷென்ஜென் நகரில் 1995-ல் வாங் சுவான்ஃபு பிஒய்டியைத் தொடங்கியபோது காருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செல்போன் மாதிரியான கருவிகளுக்கு பேட்டரி செய்தார். ஜப்பானிய தானியங்கி லைன் வாங்கப் பணம் கிடையாது. ஆகவே அந்த லைன் செய்யும் வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எளிய அச்சுச் சட்டத்தைச் செய்து, ஆட்களை உட்கார வைத்தார். ஓர் இயந்திரம் செய்ததைப் பல கைகள் செய்தன. மலிவுக் கூலியால் ஜெயித்தார்கள் என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கூலி மலிவுதான். ஆனால் ஒவ்வொரு படியும் எங்கே இடறும், எந்தப் படியில் கை தேவை, எதில் இயந்திரம் போதும் என்ற அறிவு அந்த ஆண்டுகளில்தான் சேர்ந்தது. இன்று அவர்கள் ஆலைகளில் ரோபோ நிறைய. வரிசை மட்டும் தலைகீழ்: முதலில் கை, அப்புறம் இயந்திரம்.

2020-ல் அவர்கள் கொண்டுவந்த பிளேடு பேட்டரியைப் பாருங்கள். செல் ஒன்று ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். வாள் மாதிரித் தட்டையாக இருக்கும். ஒரு காருக்கு நூற்றுச் சொச்சம் செல் போதும். அவற்றை நேராகப் பெட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். மாட்யூல் என்ற நடுப்படியே கிடையாது. டெஸ்லாவிலும் ஜெனரல் மோட்டார்ஸிலும் லைனை நிறுத்திய அந்த ஸ்டேஷன் இங்கே இல்லவே இல்லை. 4,416 செல்லை வேகமாகக் கோக்க இயந்திரம் தேடியவர்கள் ஒரு பக்கம். கோக்க வேண்டிய செல்லின் எண்ணிக்கையையே குறைத்தவர்கள் ஒரு பக்கம். பஞ்சுப் பாயின் கதைதான் மறுபடி. பிறகு டெஸ்லாவும் தன் டெக்சாஸ் ஆலையில் மாட்யூல் இல்லாத பெட்டிக்குப் போனது. ஆனால் அதற்கென 2020-ல் அறிவித்த பெரிய 4680 செல்லின் உலர் பூச்சு முறை, அதாவது குழம்பு இல்லாமல் பூசும் முறை, எதிர்பார்த்த வேகத்துக்கு வர ஆண்டுகள் ஆயின. ஒரு படியை நீக்கினால் பக்கத்துப் படி கனக்கும்.

ஒன்றிரண்டு கிலோ காந்தம்

இதுவரை சொன்னவை ஆலைக்குள் இருக்கும் இடுக்குகள். ஆளும் பணமும் நேரமும் போட்டால் அவை தீரும். ஆலைக்கு வெளியே உள்ளவை அப்படியல்ல.

மின்சாரக் காரின் மோட்டாருக்குள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோ நியோடிமியம் காந்தம் இருக்கிறது. சூடேறினால் காந்தம் பலம் இழக்கும். அதைத் தடுக்க டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கொஞ்சம் சேர்ப்பார்கள். குழம்புக்குப் பெருங்காயம் மாதிரிச் சிட்டிகை அளவு. இந்த அருமண் (ரேர் எர்த்) தனிமங்களைச் சுத்திகரிப்பதிலும் காந்தம் செய்வதிலும் உலகின் பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில். 2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி அனுமதி வேண்டும் என்று சீனா அறிவித்தது. தடை என்று சொல்லவில்லை, அனுமதி என்றது. விண்ணப்பங்கள் மேசையில் நின்றன. மே மாதக் கடைசியில் ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் லைன் நின்றது. ஆகஸ்டில் மின் ஸ்கூட்டர் உற்பத்தி பூஜ்யமாகவே ஆகலாம் என்று ஜூலையில் பஜாஜ் ஆட்டோ எச்சரித்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆயிரக்கணக்கானோர் ஷிப்டுக்குப் போகும் ஸ்கூட்டர் ஆலைகளுக்கும் அதே கவலைதான். உள்ளங்கையில் அடங்கும் காந்தம் இல்லாமல், மற்றதெல்லாம் தயாராக இருந்தும், வண்டி லைனிலிருந்து இறங்காது.

நம் ஊரில் இதை நினைக்கும்போது எனக்கு எண்ணிக்கைகள் மேல் நம்பிக்கை குறைகிறது. 2025 ஜனவரியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஹூண்டாய் மின்சார கிரெட்டா செய்கிறது. ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார் என்பது அதன் கொள்ளளவு. ஆலை வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். வேலை வருகிறது, பிள்ளைகள் ஊரிலேயே இருக்கலாம். ஆனால் கொள்ளளவு என்பது கட்டடத்தின் அளவு. எத்தனை கார் வரும் என்பதைச் சொல்ல, செல் எங்கிருந்து வருகிறது, காந்தம் யார் தருகிறார், லைனில் எந்த ஸ்டேஷன் மெதுவானது என்று கேட்க வேண்டும். இந்தியாவில் ஓடும் மின்சார வண்டிகளின் செல்களில் மிகப் பெரும்பகுதி இன்னும் கப்பலில்தான் வருகிறது. 2021-ல் ஒன்றிய அரசு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் போட்டது, 50 ஜிகாவாட் மணி செல் உற்பத்தி இலக்கு. அதில் எட்டியது மிகச் சிறு பகுதி. நார்த்வோல்ட் தடுமாறிய அதே படிகளில் நாமும் நிற்கிறோம். திட்டத்தின் விதிகள் தொழிற்சாலை எழுப்ப ஆண்டு குறித்தன, கை பழகக் குறிக்கவில்லை.

காந்தத்துக்கு 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறன் இலக்கு. அதற்கான தனிமங்கள் மோனசைட் மணலில் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் பல பத்தாண்டுகளாக அந்தக் கடற்கரை மணலைப் பிரித்து வருகிறது. நம் மோனசைட்டில் நியோடிமியம் உண்டு. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் மிகக் குறைவு. மணலிலிருந்து தனிமத்தைப் பிரிப்பது ஒரு தொழில், தனிமத்தை உலோகமாக்குவது ஒன்று, உலோகத்தைக் காந்தமாக்குவது இன்னொன்று. நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் மணல் மணலாகவே இருக்கும்.

அந்த மணலுக்கு மேல் ஊர்கள் இருக்கின்றன. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை அப்பகுதி மீனவர்களும் விவசாயிகளும் எதிர்க்கிறார்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது; கதிர்வீச்சு, புற்றுநோய், கரை அரிப்பு என்று அவர்களுக்குப் பயம். 2024 அக்டோபரில் நடக்க இருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பினால் தள்ளிப்போனது. தூத்துக்குடியில் லைனிலிருந்து இறங்கும் காரைப் படம் பிடித்துப் போடுகிற நாம், அதே கடற்கரையில் சில மணி நேரத் தொலைவில் இருக்கும் அந்த ஊர்களுக்குப் போய், எங்கள் குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு அளந்து பார்த்த பதிலை இன்னும் கொடுக்கவில்லை.